பேனர் அக்கா

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் அந்தப் பெண்ணின் முகம் ஒரு வருடத்துக்கு மேல் வெயிலில் காய்ந்தது. கோட்டு போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, போகிற வருகிற பேருந்துகளையெல்லாம் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டு அவளுடையது அல்ல. படம் எடுத்த அன்று பயிற்சி நிலையத்தின் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. தோள் தொளதொளவென்று இருந்ததால், துணி காயப்போடும் கிளிப்புகளை முதுகில் மாட்டி இழுத்துப் பிடித்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. பக்கத்தில் ஆள் உயர எழுத்தில், "நானும் சுமாரான மாணவிதான். இன்று?" என்று போட்டிருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் பேனரில் எங்கும் இல்லை. அண்ணாந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு பதிலைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். வியாபாரம் நடந்ததே அதனால்தான்.

அவள் குடியிருந்த தெருவில் சின்னவர்கள் அவளைப் பேனர் அக்கா என்றார்கள். பெரியவர்கள் லிஃப்ட்காரர் மகள் என்றார்கள். அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். முக்காலியில் உட்கார்ந்தபடியே நோயாளிகளையும் பழக்கூடைகளையும் அழுகிறவர்களையும் மேலும் கீழுமாகக் கொண்டுபோய்த் தலை நரைத்தவர்.

பேனர் சொன்னதில் பாதி உண்மை. அவள் சுமாரான மாணவிதான். பள்ளியில் எந்த ஆசிரியரும் அவளைத் திட்டியதில்லை, பாராட்டியதுமில்லை. கல்லூரியில் வேதியியல் படித்தாள், தேறினாள். இதில் அவமானப்பட என்ன இருக்கிறது என்று ஆள் எடுக்கிற அதிகாரி யாராவது விளக்கினால் நல்லது. ஒரு வகுப்பில் முதலாவதாக ஒருவர்தான் வர முடியும். மற்றவர்கள் பின்னால்தான் வந்தாக வேண்டும். எல்லோரும் இராப்பகலாகப் படித்தாலும் பாதிப்பேர் நடுக்கோட்டுக்குக் கீழே நின்றே தீருவார்கள். இது எண்களின் இயல்பு, யாருடைய சோம்பலும் அல்ல. அந்தப் பாதிப்பேருக்கும் பசிக்கும். தாங்கள் செய்கிற வேலையால் யாருக்காவது பயன் இருக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் உண்டு. இதைச் சொன்னால் திறமையை அவமதிப்பதாகக் கோபித்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் அப்பா விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

அவளுடைய ஆசை தண்ணீர். கல்லூரி ஆய்வகத்தில் ஒருநாள் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் குடுவை முழுவதும் சிவப்பு போய் நீலம் வந்துவிடும். முதல் மாணவி விட்டாலும் இவள் விட்டாலும் அதே அளவில்தான் நிறம் மாறியது. தண்ணீர் யாருடைய மதிப்பெண்ணையும் கேட்கவில்லை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"குடிக்கிற தண்ணியில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்ற வேலைம்மா. அதுக்குத்தான் போகப் போறேன்."

"அதுக்கு ஒரு ஆளா? வாயில வெச்சா தெரிஞ்சிடப் போகுது" என்றாள் அம்மா.

அம்மா கேலிக்குச் சொன்னாள். பரிசோதனைக் கூடங்கள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தன போலிருக்கிறது. ஒரு இடத்தில் அனுபவம் கேட்டார்கள். அனுபவத்துக்காகச் சம்பளமில்லாமல் சேருகிறேன் என்று இன்னொரு இடத்தில் கேட்டபோது, சம்பளமில்லாமல் வருகிறவர்களிலும் முதல் வகுப்புக்காரர்கள் வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். பல்பொருள் அங்காடி வாசலில் நின்று, வருகிறவர்கள் மணிக்கட்டில் வாசனைத் திரவியம் பீய்ச்சுகிற வேலை மட்டும் உடனே கிடைத்தது. கால் வீங்கி விட்டுவிட்டாள். அம்மாவின் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பிப்பார்.

"என்ன பட்டதாரி, வீட்டுக்குக் காவலா? நாய் வளத்திருந்தா சோறு மிச்சமாயிருக்கும், இல்லக்கா?"

"விடுடா. அவ தலையெழுத்து" என்பாள் அம்மா.

அவள் தலையில் எந்த எழுத்தும் இல்லை. எழுதியவர்கள் குளிரூட்டிய அறைகளில் முழுச் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தலையெழுத்து என்று ஒரு சொல் கையில் இருக்கும்வரை அந்த அறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

அப்படித்தான் அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தின் படியேறினாள். அம்மாவின் சங்கிலி கட்டணமாக மாறி அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 'அனைவருக்கும் வேலை' என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது.

அங்கே கற்றுக்கொடுத்தவை: எப்படி உட்காருவது, எப்படிக் கைகுலுக்குவது, உங்கள் குறை என்ன என்று கேட்டால் நிறையைக் குறைபோலச் சொல்வது எப்படி. எல்லாவற்றுக்கும் மேலாக, சிரிப்பு. எது நடந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது. அதற்கென்றே 'ஸ்ட்ரெஸ் ரவுண்டு' ஒன்று வைத்திருந்தார்கள். முன்னறிவிப்பு கிடையாது. பாடம் நடத்திக்கொண்டிருக்கிற பயிற்சியாளர் திடீரென்று ஒருவரைப் பார்த்து, "உனக்கெல்லாம் எவன் வேலை குடுப்பான்? மூஞ்சியப் பாரு. இது ரவுண்டுன்னு நெனைக்காத, நெஜமாத்தான் சொல்றேன். வீட்டுக்குப் போ" என்பார். மாணவர் சிரிப்பு மாறாமல், "நன்றி. இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்பு கைதட்டும். முகம் வாடினால் மறுபடி முதலிலிருந்து.

வரவேற்பறையில் ஒரு பித்தளை மணி தொங்கியது. வேலை கிடைத்தவர் அதன் கயிற்றை இழுப்பார். எல்லா அறைகளிலிருந்தும் ஓடிவந்து கைதட்டுவார்கள். கேள்வி கேட்டால் எதிர்மறை எண்ணம் என்றார்கள், சந்தேகப்பட்டால் தன்னம்பிக்கைக் குறைவு என்றார்கள். வேலை கிடைத்தால் பயிற்சியின் பெருமை, கிடைக்காவிட்டால் மாணவரின் குறை. எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத வாதத்தை எங்கே கண்டாலும் அங்கே யாரோ ஏமாந்துகொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தாயத்து விற்கிறவர் மரத்தடியில் செய்வதை இவர்கள் குளிரூட்டிய அறையில் திரை போட்டுக் காட்டிச் செய்தார்கள்.

பயிற்சி முடிந்தும் அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் அவரைச் 'சார்' என்று மட்டும்தான் சொல்வார்கள், ஊரில் வேறு சாரே இல்லாததுபோல.

"நீ ஏன் வெளிய தேடுற? இங்கயே சேந்துடு. ஆலோசகர். உன்ன மாதிரி பசங்களுக்கு வழி காட்டணும்மா. அதவிட அர்த்தமுள்ள வேலை என்ன இருக்கு?"

சம்பளம் அப்பாவுடையதைவிட அதிகம். அர்த்தமும் சம்பளமும் ஒரே மேசையில் வைத்துத் தந்தால் யார்தான் எழுந்து போவார்கள்? அவள் மணியடித்தாள். கண்ணீர் வந்தது. அது கிளிப் மாட்டாத, நிஜக் கண்ணீர்.

அந்த வாரமே படம் எடுத்தார்கள். அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. தரைத்தளத்திலிருந்து மேல்மாடி போய்ச் சேருவதற்குள் சொல்லி முடிக்கிற அளவுக்கு மகள் கதையைச் சுருக்கி வைத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டு எதிர்ல பெரிய பேனரு பாத்தீங்களா சார்? நம்ம பொண்ணுதான்." ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர்களும் கேட்டார்கள். துப்புரவுப் பெண் ஒருத்தி தன் மகனைச் சேர்த்தாள். காவலாளி தன் தங்கையைச் சேர்த்தார்.

உண்மையை அவளுக்குச் சொன்னவர் அவளுக்கு முந்தைய பேனர்க்காரர். அதே கோட்டு, அதே சிரிப்பு. அவரை அனுப்பிய அன்று மேசையைக் காலிசெய்துகொண்டே சொன்னார்.

"மணியடிச்சவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு யோசிச்சிருக்கியா? ஒண்ணு இங்க, இல்ல சாரோட மச்சான் நடத்துற போன் ஆபீசு. அடுத்த பேட்ச் முடியிற வரைக்கும் வெச்சிருப்பாங்க. அப்புறம் இடம் வேணுமே, அனுப்பிடுவாங்க. எல்லாருக்கும் வேலைங்கிறது பொய்யில்ல பாரு. எல்லாருக்கும் கொஞ்ச நாள் வேலை."

"உங்களுக்குத் தெரிஞ்சும் ஏண்ணா சொல்லல?"

"செருப்புக் கடையில தரையோரமா ஒரு கண்ணாடி வெச்சிருப்பாங்கல்ல? அதுல காலு மட்டும்தான் தெரியும். குனிஞ்சு முகத்தப் பாத்தா செருப்பு வாங்க மாட்டான். நானும் குனியல." பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவளும் குனியவில்லை. பல மாதங்கள் குனியவில்லை. வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசினாள், சேர்த்தாள். யாராவது நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டால் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வேறு வேலை இருக்கிற ஊரில் அப்படிச் சொல்லலாம்.

பிறகு கீழ்வீட்டுப் பெண் விஷயம் வந்தது.

கீழ்வீட்டுப் பெண் தாவரவியல் பட்டதாரி, அவளும் சுமார்தான். ஆனால் அவளுக்கு ஒரு வேலை இருந்தது: மூக்குக்கண்ணாடிக் கடையில். முதலில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கினாள். இப்போது எழுத்துப் பலகையைக் காட்டிக் கண்ணையும் சோதித்தாள். கடைக்காரர் நல்ல மனிதர், அடுத்த வருடம் தன் செலவில் முறையான கண் பரிசோதனைப் படிப்புக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பார்வை தெளிந்து சிரிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிற வேலை. வேலை தேடுகிறவர்கள் வாய்கிழியப் பேசுகிற 'அர்த்தம்' அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கடைக்கு எதிரே அந்த மூன்று மாடிக் கட்டடமும், அதன் மேலே பேனரும் இருந்தன.

ஒருநாள் காலை மாடிப்படியில் பேனர் அக்காவை வழிமறித்தாள்.

"அக்கா, ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். உங்க சென்டர்ல மொத வாரம் ஃப்ரீயாமே? புடிச்சிருந்தா சனிக்கிழமை கடைய விட்டுட்டு முழுசாச் சேந்துடுவேன்."

"கடைய ஏண்டி விடணும்?"

"முழுநாள் வகுப்புன்னா எப்படிக்கா ரெண்டும் முடியும்? நீங்களும் சுமார்தானே? நீங்க ஏறலையா மேல?"

'வராதே' என்ற சொல் நாக்குவரை வந்தது. அதற்குள் அப்பா சீருடைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். "சேரும்மா, சேரு. நம்ம பாப்பா இருக்கிற வரைக்கும் உனக்கென்ன கவலை?" என்றார். சொல் திரும்பி உள்ளே போய்விட்டது.

வாரம் முழுக்க அவள் கீழ்வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிரிப்பைச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். புதன்கிழமை ரவுண்டில் அவளைத்தான் நிறுத்தினார்கள். கண்ணாடிக் கடையில் துடைப்பவள் என்றெல்லாம் சொன்னார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு பேனர் அக்காவுடையது. மறுநாள் அந்தப் பெண் கடையில் வேலையை விடப்போகிறாள். இன்று சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். திரையை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"இன்னிக்குப் பாடம் இல்ல. நான் சொல்றதக் கேளுங்க. இங்க படிச்சதால எனக்கு வேலை கிடைக்கல. எங்கயும் கிடைக்காததால இங்க உக்கார வெச்சாங்க. இங்க மணியடிச்ச யாருக்கும் வெளிய வேலை இல்ல. கொஞ்ச நாள் வெச்சிருந்து அனுப்பிடுவாங்க. அந்தக் கோட்டுகூட என்னோடது இல்ல. உங்களுக்கு இருக்கிற வேலைய விட்டுட்டு வராதீங்க. வீட்டுக்குப் போங்க."

வகுப்பு அவளையே பார்த்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், முகங்கள் கலங்கின. பிறகு முதல் வரிசையில் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் உதடுகள் விரிந்தன. பக்கத்தில் இருந்தவள் அவனைப் பார்த்தாள், அவளும் விரித்தாள். வரிசை வரிசையாகப் பின்னால்வரை சிரிப்பு பரவியது.

"நன்றி மேடம். இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறேன்."

"ரவுண்டு இல்லப்பா! நெஜமாத்தான் சொல்றேன்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு ரவுண்டிலும் சொல்கிற வாசகம் அது. அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது சிரிப்பு இன்னும் அகலமானது. அவள் குரல் உடைந்தது, நடிப்பு பிரமாதம் என்று பார்த்தார்கள். அழுதாள். யார் முகமும் வாடவில்லை. கடைசியில் வகுப்பே எழுந்து கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் கீழ்வீட்டுப் பெண்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே சார் நின்றிருந்தார். அறைக்குள் அழைத்தார்.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு ரவுண்டு யாரும் எடுத்ததில்ல."

"அது ரவுண்டு இல்லன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"எனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?" தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "அடுத்த பேட்சுக்கும் இதையே பேசு. ஆனா முடிக்கும்போது சிரிச்சு முடி. இன்னிக்கு அத மறந்துட்ட."

அன்று மாலை மாடிப்படியில் கீழ்வீட்டுப் பெண் காத்திருந்தாள்.

"அக்கா, நான் எப்படி இருந்தேன்? சிரிப்பு மாறல இல்ல?"

"அடியே, அது நெஜம்டி. சத்தியமா நெஜம். கடைய விட்டுடாத."

"இப்பவும் ரவுண்டா?" என்று அவள் சிரித்தாள். பேனர் அக்கா அவள் இரு தோளையும் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் சிரிப்பு போயிற்று, வேறொன்று வந்தது.

"கைய எடுங்கக்கா. நெஜம்னா நீங்க ஏன் இன்னும் அங்க வேலை பாக்குறீங்க? உங்களுக்குக் கிடைச்சா அது வேலை, எனக்குக் கிடைச்சா மட்டும் பொய்யா? மேல ஏறினவங்க ஏணிய இழுத்துக்குவாங்கன்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க."

நியாயமான கேள்வி. பயிற்சி நிலையத்தில் இதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

சனிக்கிழமை காலை, கண்ணாடிக் கடை திறப்பதற்கு முன்பே, பேனர் அக்கா சாரிடம் போய்த் தன் வேலையை விட்டாள். தான் வெளியேறுவதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை என்று நினைத்தாள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறத்தான் வேண்டும். சார் மறுப்பே சொல்லவில்லை. எழுந்து அவளுக்கு முன்னால் வரவேற்பறைக்கு நடந்தார். மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். வகுப்புகளிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"நம்ம பேனர் அக்கா நம்மள விட்டுப் போறாங்க! நம்மகிட்ட இருக்கிற இடமே இனி அவங்களுக்குப் பத்தாது. எங்கன்னு கேக்காதீங்க, ரகசியம். எல்லாரும் நல்லாக் கைதட்டுங்க!"

கைதட்டல் படிக்கட்டு வரைக்கும் துரத்தி வந்தது. அவள் "இல்லை, இல்லை" என்றாள். அடக்கம் என்று இன்னும் தட்டினார்கள். கூட்டத்தில் கீழ்வீட்டுப் பெண் இருந்தாள், கண்ணில் நீரோடு. நேற்றுக் கோபித்ததற்கு வருந்துகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அங்கிருந்து நேராகச் சாலையைக் கடந்து கண்ணாடிக் கடைக்குப் போனாள், வேலையை விடுவதற்கு.

உண்மையைச் சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் இருந்தால் போதும் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேட்கிற காதை முதலிலேயே பழக்கிவிட்டால், வாயைப் பொத்த வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணாடிக் கடையில் இப்போது வேறொரு பெண் எழுத்துப் பலகையைக் காட்டுகிறாள். அவள்தான் அடுத்த வருடம் படிக்கப் போகிறாள். கீழ்வீட்டுப் பெண் மழைக்காலம் முடியும் முன்பே மணியடித்தாள். பேனரை மாற்றினார்கள். அதே கோட்டு அவளுக்கும் தொளதொள என்றுதான் இருந்திருக்கும்.

பேனர் அக்கா வேலை தேடிப் போகிற இடங்களில், "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்கிறார்கள். நினைவு வந்ததும், இவ்வளவு பெரிய ஆள் இங்கே தங்க மாட்டாள் என்று அனுப்பிவிடுகிறார்கள். பழைய பேனரின் துணியை டீக்கடைக்காரர் ஒருவர் கேட்டு வாங்கி விறகின் மேல் போர்த்தியிருக்கிறார். மழைக்கு நல்லதாம்.

அப்பா இன்னும் முக்காலியில்தான் இருக்கிறார். வழக்கமாக வருகிற நர்ஸ் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

"என்ன தாத்தா, பொண்ணு எங்கயோ பெரிய எடத்துக்குப் போயிட்டாளாமே? மணியெல்லாம் அடிச்சாங்களாமே?"

லிஃப்ட் நிறையக் கூட்டம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பொத்தான்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த மாடிம்மா?" என்றார்.